உச்சத் தரவரிசைக்குப் பின்பே வந்த பட்டங்கள்: தாய்லாந்து டென்னிஸின் முன்னோடி டமரின் தனசுகர்ன்

தாய்லாந்து மகளிர் டென்னிஸைச் சர்வதேச அரங்கில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தாங்கி நின்ற பெயர் டமரின் தனசுகர்ன். கிராண்ட்ஸ்லாம் போட்டியில் ஒற்றையர் பிரிவின் காலிறுதியை எட்டிய முதல் தாய்லாந்து வீராங்கனை அவர். உலகத் தரவரிசையில் ஒற்றையரில் 19-ஆவது இடமும் இரட்டையரில் 15-ஆவது இடமும் அவர் எட்டிய உச்சங்கள். மகளிர் டென்னிஸ் சங்கம் (டபிள்யூடிஏ) நடத்தும் தொடர்களில் 4 ஒற்றையர் பட்டங்களை வென்றுள்ளார். அவற்றில் முதலாவது பட்டம் இந்தியாவின் ஹைதராபாத் நகரில் கிடைத்தது.

இந்த எண்களை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. தரவரிசையில் 19-ஆவது இடத்தை அவர் தொட்டது 2002 மே மாதத்தில். அப்போது அவருக்கு வயது 24. அதுவரை ஒரு ஒற்றையர் பட்டம்கூட அவர் கைக்கு வரவில்லை. நான்கு பட்டங்களும் அதற்குப் பிறகே, 25, 31, 32, 33 ஆகிய வயதுகளில் வந்தன. பதின்ம வயதிலேயே பலர் சாம்பியன்களாகும் ஒரு விளையாட்டில், முப்பதைக் கடந்த பிறகு தமது சிறந்த ஆட்டத்தை வெளிப்படுத்தியவர் என்பதே டமரினின் தனித்துவம்.

பிறப்பும் தொடக்கமும்

டமரின் 1977 மே 24 அன்று அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் தாய்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் தாய்லாந்து திரும்பியது. தொடக்க ஆண்டுகளில் தந்தையே அவருக்குப் பயிற்சியாளராகவும் வழிகாட்டியாகவும் இருந்தார். தாய்லாந்தில் ஒருவரைக் குடும்பப் பெயரால் அல்லாமல் இயற்பெயரால் குறிப்பிடுவதே வழக்கம். அதன்படி ரசிகர்களுக்கு அவர் 'டமரின்'; நெருங்கியவர்களுக்கு 'டாமி'.

1994-இல் தொழில்முறை ஆட்டத்தில் அடியெடுத்து வைத்த அவர், அடுத்த ஆண்டே விம்பிள்டன் இளையோர் மகளிர் ஒற்றையர் இறுதி ஆட்டத்துக்கு முன்னேறினார். அதில் போலந்தின் அலெக்சாண்ட்ரா ஓல்சாவிடம் 5-7, 6-7 என்ற செட் கணக்கில் போராடித் தோற்றார். பட்டம் கைநழுவினாலும் ஒன்று தெளிவாகியது. புல்தரை ஆடுகளம் இல்லாத சூழலில் வளர்ந்த இந்தப் பெண்ணுக்குப் புல்தரை பிடித்துப்போனது. புல்தரைக்கும் அவரது ஆட்டம் பொருந்திப்போனது.

புல்தரை ஏன் கைகொடுத்தது?

டென்னிஸ் மூன்று வகைத் தரைகளில் ஆடப்படுகிறது. களிமண் தரையில் பந்து வேகம் குறைந்து உயர எழும்பும். அங்கே நீண்ட நேரம் பந்தை மாறிமாறி அடிக்கும் பொறுமையும், பந்தை நன்கு சுழற்றி அடிக்கும் திறனும் தேவை. கடினத் தரையில் பந்து சீரான உயரத்தில் எழும்பும். புல்தரையிலோ பந்து தரையைத் தொட்டதும் வழுக்கிக்கொண்டு தாழ்வாகப் பாயும். மட்டையை நெடுந்தொலைவு பின்னுக்கு இழுத்து ஓங்கி அடிக்க அங்கே அவகாசம் கிடைக்காது.

டமரின் பந்தை அதிகம் சுழற்றாமல், வலையை ஒட்டித் தட்டையாக அடிப்பவர். அந்த அடி புல்தரையில் விழுந்ததும் இன்னும் தாழ்ந்து, எதிராளியின் முழங்காலுக்குக் கீழே சென்றுவிடும். உயரத்தையும் உடல் வலிமையையும் நம்பி ஆடும் வீராங்கனைகளுக்கு அது தீராத தலைவலியானது. 1998 முதல் 2004 வரையிலான காலத்தில் விம்பிள்டன் நான்காவது சுற்றுக்கு அவர் பலமுறை முன்னேறியதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

ஆனால் இந்தப் பலத்துக்குள் ஒரு பலவீனமும் ஒளிந்திருந்தது. ஆண்டின் டென்னிஸ் அட்டவணையில் புல்தரைப் பருவம் மிகக் குறுகியது. பிரெஞ்சு ஓபனுக்கும் விம்பிள்டனுக்கும் இடையே அக்காலத்தில் இரண்டு வார இடைவெளிதான். எஞ்சிய மாதங்களில் தமக்கு முழுமையாகப் பொருந்தாத தரைகளில் ஆடியே தரவரிசைப் புள்ளிகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஓராண்டின் பெரும்பகுதியை அந்தச் சில வாரங்களுக்காகக் காத்திருந்து கழிப்பதாகவே அவரது விளையாட்டு வாழ்க்கை அமைந்தது.

இறுதி ஆட்டங்களில் தொடர்ந்த ஏமாற்றம்

டபிள்யூடிஏ தொடர் ஒன்றின் இறுதி ஆட்டத்தை டமரின் முதன்முதலில் எட்டியது சொந்த மண்ணில். 1996-இல் கடற்கரை நகரான பட்டாயாவில் நடந்த தொடரில், ருமேனியாவின் ருக்சாண்ட்ரா டிராகோமிரிடம் அவர் தோற்றார். 2000-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் புல்தரையில் நடந்த இறுதி ஆட்டத்தில், அமெரிக்காவின் லிசா ரேமண்டிடம் மூன்று செட்கள் போராடி வாய்ப்பை இழந்தார். 2001-இல் டோக்கியோவில் நடந்த ஜப்பான் ஓபன் இறுதி ஆட்டத்தில் மோனிகா செலஸ் அவரை வென்றார்.

2002-ஆம் ஆண்டு இன்னும் கடுமையானது. ஜனவரியில் கான்பெராவில் இஸ்ரேலின் அன்னா ஸ்மாஷ்னோவாவிடம் தோல்வி. பிப்ரவரியில் தோஹாவில் மீண்டும் செலஸிடம் தோல்வி. எனினும், இறுதி ஆட்டம் வரை செல்வதற்குக் கிடைக்கும் புள்ளிகள் அவரைத் தரவரிசையில் மேலே உயர்த்திக்கொண்டே இருந்தன. மே மாதம் அவர் 19-ஆவது இடத்தை எட்டினார். உலகின் முதல் இருபது பேரில் ஒருவர். ஆனால் ஒற்றையர் பட்டம் இல்லாதவர் என்ற விசித்திர நிலை அது.

அதே காலகட்டத்தில் தாய்லாந்து ஆடவர் டென்னிஸிலும் ஒரு எழுச்சி ஏற்பட்டது. 2002 விம்பிள்டனில் ஆந்த்ரே அகாசியை வீழ்த்திய பரடோர்ன் ஸ்ரீசப்பன், 2003-இல் தரவரிசையில் 9-ஆவது இடம் வரை உயர்ந்தார். ஒரே நாட்டின் ஆடவர், மகளிர் என இரு பிரிவு நட்சத்திரங்களும் ஒரே நேரத்தில் முதல் 20 இடங்களை ஒட்டி வலம்வந்த அந்த ஆண்டுகள், தாய்லாந்து டென்னிஸின் பொற்காலம் எனலாம்.

ஹைதராபாத்தில் விடிந்த காலை

2003 பிப்ரவரியில் ஹைதராபாத் நகரில் டபிள்யூடிஏ தொடர் நடைபெற்றது. இறுதி ஆட்டத்தில் உஸ்பெகிஸ்தானின் இரோடா துல்யகனோவாவை எதிர்கொண்ட டமரின் 6-4, 6-4 என்ற நேர் செட்களில் வென்று, தமது முதல் ஒற்றையர் பட்டத்தைக் கைப்பற்றினார். தொழில்முறை ஆட்டத்தில் நுழைந்து ஒன்பதாவது ஆண்டில் கிடைத்த வெற்றி அது.

அந்தத் தொடருக்கு இந்திய டென்னிஸ் வரலாற்றிலும் தனி இடம் உண்டு. அடுத்த ஆண்டு அங்கே லீசல் ஹூபருடன் இணைந்து இரட்டையர் பட்டம் வென்றவர் உள்ளூர்ப் பெண் சானியா மிர்சா. 2005-இல் அதே தொடரின் ஒற்றையர் பட்டத்தையும் வென்று, டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டம் பெற்ற முதல் இந்திய வீராங்கனை என்ற பெருமையை அவர் அடைந்தார். ஆசியாவில் டென்னிஸ் பாரம்பரியம் வலுவாக இல்லாத இரு நாடுகளின் முன்னோடி வீராங்கனைகள், தமது முதல் ஒற்றையர் பட்டத்தை ஒரே நகரில் இரண்டு ஆண்டு இடைவெளியில் வென்றனர்.

அதே 2003-ஆம் ஆண்டில் இரட்டையரிலும் டமரினுக்கு வெற்றிகள் குவிந்தன. அப்போது பதினாறு வயதே நிரம்பியிருந்த ரஷ்யாவின் மரியா ஷரபோவாவுடன் இணைந்து, டோக்கியோவில் ஜப்பான் ஓபன் பட்டத்தையும் பின்னர் லக்சம்பர்க் பட்டத்தையும் வென்றார். அடுத்த ஆண்டு விம்பிள்டன் சாம்பியனாகி உலகப் புகழ் பெறவிருந்த ஷரபோவாவுக்குக் கிடைத்த முதல் இரட்டையர் பட்டங்கள் இவை.

சரிவும் தகுதிச்சுற்றுப் பாதையும்

2004 விம்பிள்டன் நான்காவது சுற்றில் செரீனா வில்லியம்ஸிடம் தோற்றதற்குப் பிந்தைய ஆண்டுகள் சரிவின் காலம். டென்னிஸ் தரவரிசை, கடந்த 52 வாரங்களில் பெற்ற புள்ளிகளை மட்டுமே கணக்கில் கொள்ளும். சென்ற ஆண்டு ஒரு தொடரில் பெற்ற புள்ளிகள் இந்த ஆண்டு அதே வாரத்தில் நீங்கிவிடும். அவற்றை ஈடுகட்டாவிட்டால் தரவரிசை தானாகவே இறங்கும்.

இந்த இறக்கம் வெறும் எண் அல்ல. வாழ்வாதாரத்தையே தொடும் செய்தி. கிராண்ட்ஸ்லாம் போட்டிகளின் பிரதானச் சுற்றில் நேரடியாக இடம்பெற, ஏறத்தாழ முதல் 100 இடங்களுக்குள் இருக்க வேண்டும். அதற்கு வெளியே தள்ளப்பட்டவர்கள் தகுதிச்சுற்றில் ஆடி வென்றால்தான் உள்ளே நுழைய முடியும். பயணம், தங்குமிடம், பயிற்சியாளர் ஊதியம் எனச் செலவுகள் குறையாது. பரிசுப்பணம் மட்டும் குறைந்துகொண்டே போகும். முப்பது வயதை நெருங்கும் ஒருவர் இந்தக் கட்டத்தில் ஓய்வை அறிவிப்பது அக்காலத்தில் இயல்பான முடிவாகவே கருதப்பட்டது. டமரின் தொடர்ந்து ஆடினார்.

2008 ஜூன்: மூன்று வாரங்களில் மாறிய வரலாறு

விம்பிள்டனுக்கு முந்தைய வாரம் நெதர்லாந்தின் ஸ்ஹெர்டோகன்போஸ் நகரில் புல்தரைத் தொடர் நடப்பது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது. 2008-இல் அங்கே தகுதிச்சுற்றில் ஆடியே டமரின் பிரதானச் சுற்றுக்குள் நுழைந்தார். அங்கிருந்து இறுதி ஆட்டம் வரை முன்னேறிய அவருக்கு எதிரே நின்றவர் ரஷ்யாவின் தினரா சபினா. அதே மாதம் பிரெஞ்சு ஓபன் இறுதி ஆட்டம் வரை சென்று, நல்ல ஆட்டத்திறனுடன் வந்திருந்தவர் அவர். டமரின் 7-5, 6-3 என்ற கணக்கில் வென்று, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் தமது இரண்டாவது பட்டத்தைப் பெற்றார்.

அந்த உற்சாகத்துடன் லண்டன் சென்ற அவர், விம்பிள்டன் இரண்டாவது சுற்றில் ரஷ்யாவின் வேரா ஸ்வனரேவாவையும், மூன்றாவது சுற்றில் நியூசிலாந்தின் மரினா எராகோவிச்சையும் வென்றார். நான்காவது சுற்றில் அவருக்காகக் காத்திருந்தவர் போட்டித் தரநிலையில் இரண்டாம் இடம் வழங்கப்பட்டிருந்த செர்பியாவின் ஜெலினா ஜான்கோவிச். பிரதான அரங்குகளைவிட்டு விலகி அமைந்த 18-ஆம் எண் ஆடுகளத்தில் நடந்த அந்த ஆட்டத்தில், டமரின் 6-3, 6-2 என்ற நேர் செட்களில் வென்றார். தோல்வியடைந்த ஜான்கோவிச் அதே ஆண்டு ஆகஸ்டில் உலகின் முதலிடத்துக்கு உயர்ந்தவர் என்பது அந்த வெற்றியின் எடையைக் காட்டும்.

முந்தைய ஆண்டுகளில் பலமுறை அவரைத் திருப்பி அனுப்பிய நான்காவது சுற்றுச் சுவர், 31-ஆவது வயதில் ஒருவழியாக இடிந்தது. காலிறுதியில் நடப்புச் சாம்பியன் வீனஸ் வில்லியம்ஸிடம் 4-6, 3-6 என்று அவர் தோற்றார். வீனஸ் அந்த ஆண்டும் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார்.

அந்த விம்பிள்டன் ஆசிய மகளிர் டென்னிஸுக்கே நினைவில் நிற்கும் ஒன்று. முதல் தரநிலை பெற்றிருந்த அனா இவனோவிச்சை மூன்றாவது சுற்றில் வெளியேற்றியவர் சீனாவின் ஜெங் ஜி. சிறப்பு அனுமதியில் ஆடிய அவர் அரையிறுதி வரை சென்றார். போட்டியின் முதல் இரண்டு தரநிலைகளைப் பெற்றிருந்த இருவரையும் வீழ்த்தியவர்கள் ஆசிய வீராங்கனைகளே.

முதலிட வீராங்கனையை வீழ்த்திய வெற்றி

52 வார விதியின்படி, 2009 ஜூனில் ஸ்ஹெர்டோகன்போஸில் பெற்ற புள்ளிகளைத் தக்கவைக்க வேண்டிய நெருக்கடி டமரினுக்கு ஏற்பட்டது. அரையிறுதியில் அவர் சந்தித்தது மீண்டும் சபினாவை. இம்முறை சபினா உலகின் முதல் நிலை வீராங்கனை. அவரை நேர் செட்களில் வென்ற டமரின், இறுதி ஆட்டத்தில் பெல்ஜியத்தின் யானினா விக்மேயரை 6-3, 7-5 என்று வீழ்த்திப் பட்டத்தைத் தக்கவைத்தார். முந்தைய ஆண்டின் வெற்றி தற்செயலானது என்று எவரும் எண்ணியிருந்தால், அந்த எண்ணத்துக்கு இதுவே பதிலாக அமைந்தது.

நான்காவது பட்டம் 2010 அக்டோபரில் ஜப்பானின் ஒசாகாவில், கடினத் தரையில் கிடைத்தது. இறுதி ஆட்டத்தில் எதிராளியாக நின்றவர் உள்ளூர் ரசிகர்களின் அன்புக்குரிய கிமிகோ டேட் குரும். 1995-இல் உலகின் 4-ஆவது இடம் வரை உயர்ந்து, 1996-இல் ஓய்வுபெற்று, 12 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் களமிறங்கியவர் அவர். அப்போது டேட்டுக்கு வயது 40, டமரினுக்கு 33. மூன்று செட்கள் நீண்ட அந்த ஆட்டத்தில் டமரின் 7-5, 6-7, 6-1 என்று வென்றார். இளமையின் வேகமே டென்னிஸின் முதல் தகுதி என்ற கருத்தை அன்று இருவரும் சேர்ந்தே மறுத்தனர்.

அதே ஆண்டின் தொடக்கத்தில் பட்டாயா இறுதி ஆட்டத்தில் ஸ்வனரேவாவிடம் அவர் தோற்றிருந்தார். 1996-க்குப் பிறகு 14 ஆண்டுகள் கழித்துச் சொந்த மண்ணில் கிடைத்த ஒற்றையர் இறுதி வாய்ப்பும் கைகூடவில்லை. ஆனால் 2009, 2010 ஆகிய இரு ஆண்டுகளிலும் பட்டாயாவின் இரட்டையர் பட்டம் அவர் வசமானது.

இரட்டையரில் தொடர்ந்த பயணம்

ஒற்றையர் ஆட்டத்தில் ஓடும் கால்கள் முதலில் தளரும். இரட்டையரிலோ பந்து வரும் திசையை முன்கூட்டியே கணிக்கும் அனுபவமும், வலையருகே கைத்திறனும் வயதைத் தாண்டியும் பயன் தரும். டமரினின் கடைசிக் கட்ட வெற்றிகள் இதற்குச் சான்று.

2008 விம்பிள்டனில் தாம் தோற்கடித்த எராகோவிச்சையே பின்னர் இணையாகக் கொண்டு ஆடிய அவர், 2011 விம்பிள்டன் மகளிர் இரட்டையர் அரையிறுதி வரை முன்னேறினார். சபின் லிசிக்கி, சமந்தா ஸ்டோசர் இணையிடம் மூன்றாவது செட்டை 6-8 என்ற கணக்கில் இழந்தபோதுதான் அந்தப் பயணம் நின்றது. அப்போது அவருக்கு வயது 34.

2014-இல் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், லுக்சிகா கும்கும் உடன் இணைந்து மகளிர் இரட்டையர் தங்கப் பதக்கத்தை வென்றார். இறுதி ஆட்டத்தில் அவர்களிடம் தோற்றது சீன தைபே இணை. இதே பிரிவில் இந்தியாவின் சானியா மிர்சா, பிரார்த்தனா தொம்பரே இணை வெண்கலம் பெற்றது. வெற்றிமேடையில் நின்றபோது டமரினுக்கு வயது 37, லுக்சிகாவுக்கு 21. அந்த ஆண்டு ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் முதல் சுற்றிலேயே பெட்ரா குவிட்டோவாவை வீழ்த்திக் கவனம் பெற்றவர் லுக்சிகா. தாய்லாந்து மகளிர் டென்னிஸின் இரு தலைமுறைகள் அந்த மேடையில் ஒரே பதக்கத்தைப் பகிர்ந்துகொண்டன.

விட்டுச் சென்ற தடம்

டமரின் 2016-இல் தொழில்முறை டென்னிஸிலிருந்து விடைபெற்றார். கிராண்ட்ஸ்லாம் பட்டமோ, முதல் 10 இடங்களில் ஓர் இடமோ அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த அளவுகோலில் மட்டும் பார்த்தால் அவர் பலரில் ஒருவர். ஆனால் பின்பற்ற ஒரு முன்னோடி இல்லாத நாட்டிலிருந்து புறப்பட்டு, தோற்ற இறுதி ஆட்டங்களின் சுமையுடன் ஆண்டுக்கணக்கில் சுற்றி, தரவரிசை சரிந்த பிறகு தகுதிச்சுற்றின் வாசலில் மீண்டும் வரிசையில் நின்றவர் அவர். உச்சத்தைத் தொட்டு இறங்கியவருக்கு எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்பதை, அதன் பின் வென்ற நான்கு கோப்பைகள் சொல்கின்றன.

டமரின் தனசுகர்ன் – ஒரு பார்வை

பிறப்பு: 1977 மே 24, லாஸ் ஏஞ்சலீஸ்

தொழில்முறை ஆட்டத்தில்: 1994 முதல் 2016 வரை

உச்சத் தரவரிசை: ஒற்றையர் 19 (2002), இரட்டையர் 15 (2004)

ஒற்றையர் பட்டங்கள்: ஹைதராபாத் (2003), ஸ்ஹெர்டோகன்போஸ் (2008, 2009), ஒசாகா (2010)

கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் சிறந்த நிலை: விம்பிள்டன் காலிறுதி (2008)

கிராண்ட்ஸ்லாம் இரட்டையரில் சிறந்த நிலை: விம்பிள்டன் அரையிறுதி (2011)

ஆசிய விளையாட்டுப் போட்டி: மகளிர் இரட்டையர் தங்கம் (2014, இஞ்சியோன்)